செம்பில் வளர்ந்த சிறகு

அந்தத் தேவதூதர் எங்கள் பட்டறைக்கு ஒரு வெள்ளை வான் வண்டியின் பின்புறத்தில், கம்பளி போர்த்திப் படுத்தபடி வந்து சேர்ந்தார். மார்ச் மாதக் கடைசி. தெருவோரத்துப் பனி கறுத்து உருகி, கூரைகளிலிருந்து ஓயாமல் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. வானின் கதவைத் திறந்ததும் கம்பளிக்கு வெளியே ஒரு பாதம் மட்டும் தெரிந்தது. ஏழு வயதுப் பிள்ளையின் பாதம் அளவு. தங்க நிறம். விரல்களில் நகங்கள்கூட இருந்தன.

என்னையறியாமல் அதைத் தொட்டேன். சில்லிட்டது. குளிருமே என்று கம்பளியை இழுத்து மூடிவிட்டேன்.

"இந்திரா, அது செம்பு. செம்புக்குக் குளிராது" என்றார் பக்கத்தில் நின்ற கிரில்.

சொல்லிவிட்டுத் தானும் ஒருமுறை குனிந்து கம்பளியைச் சரிசெய்தார். அவரை எனக்குப் பிடித்துப்போனது அந்த நிமிடத்தில்தான் என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் அதற்கு முன்பே பிடித்திருந்தது.

நீலத் தொட்டி

போன கிழமை இந்தத் தொடரை, என் கணவர் இறந்த குளிர்காலத்தோடு நிறுத்தியிருந்தேன். மொன்றியல் டவுன்டவுனில் ஓர் உணவகச் சமையலறையில் நின்ற நிலையிலேயே விழுந்தவர் அவர். அதன் பிறகு வந்த சில வருடங்களைப் பற்றி எழுத அதிகமில்லை. மகள் படித்து முடித்துக் கியூபெக் சிற்றிக்கு வேலைக்குப் போனாள். வீட்டுக்குள் நான் மட்டும் நடக்கிற சத்தம் பழகாததால் வேலை தேடினேன்.

நகரத்தின் வில்லரே பகுதியில், வடக்கு ஓரத்தில், ரயில் பாதையை ஒட்டி, உலோகங்களுக்கு முலாம் பூசும் பட்டறை ஒன்று இருக்கிறது. ஹோட்டல் கரண்டிகள், தண்ணீர்க் குழாய்கள், மோட்டார் சைக்கிள் பாகங்கள், சில வேளைகளில் தேவாலயத்துப் பூசைப் பாத்திரங்கள் எல்லாம் அங்கே வரும். முதலாளி முசியே றொபேர், "முன்பு என்ன வேலை செய்தீர்கள்?" என்று கேட்டார். யாழ்ப்பாணத்தில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் இரசாயனம் படிப்பித்தேன் என்றேன். இந்த நாட்டில் என்னிடம் அதைக் கேட்ட முதல் மனிதர் அவர். அடுத்த திங்களே வரச் சொன்னார்.

உள்ளே வரிசையாகத் தொட்டிகள். நிக்கல் தொட்டி பச்சை. செம்புத் தொட்டி நீலம். அந்த நீலத்தை எப்படிச் சொல்வது? தண்ணீருக்கு அடியில் யாரோ ஒரு விளக்கை ஏற்றி வைத்துவிட்டு மேலே வர மறந்துபோனது மாதிரியான நீலம். மதிய வெளிச்சம் கண்ணாடிக் கூரை வழியாக விழும்போது சுவரெல்லாம் அது அசையும். வந்த புதிதில், வேலையை விட்டுவிட்டு அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

கிரில் அங்கே பழையவர். பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு அருங்காட்சியகத்தின் திருத்தும் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு, என்னைப் போலவே தொண்ணூறுகளில் மொன்றியல் வந்தவர். அவருடைய மனைவி வந்த இரண்டாம் வருடமே திரும்பிப் போய்விட்டார். சலவைக் கடை ஒன்றின் மேல்மாடியில் தனியாக இருந்தார். பெரிய உருவம், சிறிய குரல்.

எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது பிழையான பிரெஞ்சு மட்டும்தான். அவர் சொன்னவற்றை இங்கே எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன். எனக்கு அவை அப்படித்தான் கேட்டன.

பீட்டர்ஸ்பர்க்கில் உரிந்த தோல்

தேநீர் இடைவேளைகளில்தான் அவர் கதை சொல்வார். கண்ணாடித் தம்ளரை ஓர் உலோகப் பிடிக்குள் இறக்கி வைத்துத் தேநீர் குடிப்பார். ரஷ்ய ரயில்களில் அப்படித்தான் கொடுப்பார்களாம். அந்தப் பிடியும் முலாம் பூசியதுதான்.

"முந்தித் தங்கம் பூச வேண்டுமெண்டால் நெருப்பும் பாதரசமும்தான்" என்றார் ஒரு நாள். "தங்கத்தைப் பாதரசத்தில கரைச்சுத் தகட்டில தடவிச் சுடுவினம். பாதரசம் புகையாய்ப் போகும், தங்கம் ஒட்டிக்கொள்ளும். எங்கட நகரத்துப் பெரிய தேவாலயத்தின்ர கோபுரம் அப்படித்தான் பொன்னானது. அந்தப் புகையைச் சுவாசிச்ச வேலைக்காரர் கனபேர் செத்துப்போச்சினம். கோபுரம் மினுங்குறதைப் பாக்கேக்கை என்ர தாய் சிலுவை போடுவா. கடவுளுக்கெண்டு நினைச்சன். பிறகுதான் சொன்னா, அந்த ஆக்களுக்கெண்டு."

அந்தக் கோபுரம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில், அதே நகரத்தில், ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய ஒரு விஞ்ஞானி மின்கலங்களோடு மாரடித்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் தன் கலத்தில் இருந்த தகட்டின் மேல் செம்பு படிந்திருப்பதைக் கண்டு உரித்துப் பார்த்தார். தோல் மாதிரிக் கழன்று வந்தது. தகட்டில் இருந்த ஒவ்வொரு கீறலும் அந்தத் தோலில் பதிந்திருந்தது. தலைமயிர் அளவான கீறல்கூட.

எனக்கு அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வரும். வெளியே உறைந்த ஆறு. உள்ளே ஒரு மனிதர் சன்னலோரம் நின்று, ஒரு செம்புத் தோலை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்கிறார். அடுப்பில்லை, சம்மட்டி இல்லை, புகை இல்லை. நீர் கிடக்கிறது, அதற்குள் உலோகம் தானாக வளர்கிறது.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது என்பார் கிரில். மெழுகிலோ சாந்திலோ அச்சு எடுத்து, அதன் மேல் பென்சில் கரியைப் பூசித் தொட்டியில் இறக்கினால் போதும். சிலைகள், விளக்குத் தண்டுகள், புடைப்புச் சிற்பங்கள் வந்தன. வார்த்தெடுத்த வெண்கலத்தைவிட எடை குறைவு என்பதால் தேவாலயக் கூரைகளிலேயே தேவதூதர்களை நிறுத்தினார்கள். மின்சாரக் குளியலில் தங்கமும் வெள்ளியும் பூசினார்கள். சாதாரண வீடுகளின் சாமிப் படங்களுக்கும் மினுங்குகிற உலோகக் கவசம் கிடைத்தது. சமோவார் என்கிற தேநீர்க் கொதிகலன்கள் நிக்கல் பூசிக்கொண்டு முகம் பார்க்கிற கண்ணாடிகளாகின. அப்போது ரஷ்யச் சக்கரவர்த்தியின் கீழ் இருந்த வார்சோவில் செய்த வெள்ளிப் பாத்திரங்களின் அடியில், இது முலாம்தான் என்று சொல்லும் சிறு முத்திரை ஒன்று குத்தியிருக்கும்.

"மறைக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

"ஏன் மறைக்க வேணும்? வாங்கினவைக்கு அது பெருமை. அண்டைக்கு அது புதுமையான விசயம்" என்றார்.

நானும் என் கதை ஒன்றைச் சொன்னேன். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் ஜாம் போத்தல் ஒன்றுக்குள் நீலக் கரைசல் விட்டு, ரோர்ச் பற்றறியைப் பொருத்தி, பழைய சாவி ஒன்றைச் செம்பாக்கிக் காட்டுவேன். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். போரின்போது வந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றறி இல்லாமல் போனது. கரும்பலகையில் சாவியின் படம் வரைந்து, இது செம்பாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

கிரில் சிரிக்கவில்லை. "நினைச்சவையோ?" என்று கேட்டார்.

லொங்குய்யிலிருந்து வந்த மௌனம்

தேவதூதருக்குத் திரும்புகிறேன். கிரில் போகிற ரஷ்யத் தேவாலயத்தில் இப்படி இரண்டு பேர் நின்றார்கள். பீட்டர்ஸ்பர்க்கில் செய்து, யாரோ அகதிகளோடு கப்பலேறி வந்தவர்கள். அந்தக் குளிர்காலத்தில் தேவாலயத்துத் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்துக் கூரை இடிந்து விழுந்ததில் ஒருவரின் இடது சிறகு நசுங்கிக் கிழிந்துவிட்டது. நியூயோர்க்குக்கு அனுப்பலாம் என்று சபையில் சிலர் சொன்னார்கள். பாஸ்கா என்கிற உயிர்த்த ஞாயிறுக்கு முன்னர் நானே செய்து தருகிறேன் என்று கிரில் சுவாமியாருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

இரண்டு தேவதூதர்களும் ஒரே அச்சில் பிறந்தவர்கள் என்பது நல்லதாகப் போயிற்று. முழுதாக இருந்தவரின் இடது சிறகில் ரப்பர் அச்சு எடுத்தோம். உள்ளே நான் கரித்தூளைத் தூரிகையால் பூசினேன். ஒவ்வொரு இறகின் நரம்புக்குள்ளும் தூள் போக வேண்டும். விட்ட இடத்தில் செம்பு வளராது. அவர் அச்சைப் பிடித்துத் திருப்ப, நான் பூச, மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்கும். அப்படி ஒரு மத்தியானத்தில்தான் கேட்டார்.

"பாஸ்காவுக்கு என்னோட கோயிலுக்கு வருவீரோ? இத்தனை வருசமும் தனியாத்தான் போறன். அந்தப் பழக்கத்தை விடலாமெண்டு யோசிக்கிறன்." அச்சைக் கொஞ்சம் திருப்பிவிட்டு, "பிறகு, உமக்கும் விருப்பமெண்டால், கலியாணப் பதிவும் செய்வம்" என்றார்.

நான் தூரிகையைத் தூக்கவில்லை.  "இந்த இறகை முடிச்சிட்டுச் சொல்லுறன்" என்றேன். முடித்துவிட்டு, ஓம் என்று சொன்னேன்.

மகளுக்குத் தொலைபேசியில் சொன்னபோது, "அது உங்கள் வாழ்க்கை, அம்மா" என்று பிரெஞ்சில் சொன்னாள். குரலில் சிரிப்பு இருந்தது. எனக்குப் பயம் அண்ணையை நினைத்துத்தான்.

அண்ணை ஆற்றுக்கு அந்தப் பக்கம், லொங்குய்யில் இருக்கிறார். விமான நிலையத்துக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் வான் ஓட்டுகிறார். எனக்கு இங்கே தாயும் தகப்பனும் அவர்தான். நான் போய்ச் சொல்ல முன்னரே, சந்தையில் எங்களைச் சேர்த்துக் கண்ட யாரோ அவருக்குச் சொல்லிவிட்டார்கள்.

"இந்த வயசில, ஒரு வெள்ளைக்காரனோட என்ன கூத்து?" என்றார். "கோயிலடியில நான் எப்பிடி முகத்தைக் காட்டுறது?"

"அண்ணை, அவர் நல்ல மனுசன்."

"நல்ல மனுசர் ஊருலகத்தில கனபேர் இருக்கினம். எல்லாரையும் கட்டுறதோ?"

அதோடு வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறவர் வரவில்லை. அண்ணி மட்டும் களவாக ஒருதரம் கதைத்தா. கத்திச் சண்டை பிடித்திருந்தால் தாங்கியிருப்பேன். ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து வந்த மௌனத்தைத்தான் தாங்க முடியவில்லை.

கண்ணாடி மழை

சிறகு தொட்டிக்குள் இறங்கியது. மெதுவாக வளர்க்க வேண்டும் என்பது கிரிலின் கண்டிப்பு. அவசரப்பட்டு மின்சாரத்தைக் கூட்டினால் செம்பு முரடாகி உடையும். முதல் நாள் ரோசா நிறத்தில் ஒரு மூச்சுப் படலம். பிறகு காகிதம் அளவு. ஒவ்வொரு காலையும் கோட்டைக் கழற்ற முன்னர் போய்ப் பார்ப்பேன்.

பாஸ்காவுக்குப் பத்துப் பன்னிரண்டு நாட்கள் இருக்கையில் உறைமழை பெய்தது. இங்கே இருப்பவர்களுக்கு அது தெரியும். மழையாகத்தான் விழும். தொட்ட இடத்தில் பனிக்கட்டியாகிவிடும். காலையிலேயே மரங்கள் கண்ணாடியாகிவிட்டன. கம்பிகள், வேலிகள், நிறுத்தி வைத்த சைக்கிள்கள் எல்லாம் கண்ணாடி. காற்று அடிக்கும்போது தெரு முழுக்க வளையல் கடை குலுங்கியது போல ஒரு சத்தம். கனவில் நடப்பது மாதிரித்தான் வேலைக்கு வந்து சேர்ந்தேன்.

மத்தியானத்துக்கு முன் எங்கோ ஒரு பெரிய கிளை முறிந்தது. விளக்குகள் அணைந்தன. காற்றாடிகள் நின்றன. தொட்டியின் மெல்லிய ரீங்காரமும் நின்றுபோனது. சுவரில் நீலம் மட்டும் கொஞ்சம் அசைந்து, ஓய்ந்தது.

கிரிலின் முகம் வெளுத்தது. வளர்கிற செம்பு பாதியில் நின்று கிடந்தால், பிறகு படிகிற செம்பு பழையதில் சரியாகப் பிடிக்காது. இரண்டு தோலாகிவிடும். தட்டிப் பொருத்தும்போது பிரிந்து வரும். புதிதாகத் தொடங்கி வளர்க்கவோ நாட்கள் இல்லை.

"கொஞ்ச நேரம் பொறுக்கும்" என்றார். "கனநேரம் பொறுக்காது."

முசியே றொபேர் ஜெனரேற்றர் ஒன்றுக்காகத் தெரிந்த எல்லாருக்கும் அழைத்துப் பார்த்தார். நகரத்தில் பாதிப்பேர் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தார்கள். மின்சாரம் வர ஒரு நாளும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம் என்றது வானொலி. அவர் என் தோளில் தட்டி மன்னிப்புக் கேட்டுவிட்டு, தன் வீட்டு நிலைமையைப் பார்க்கப் போய்விட்டார்.

நாங்கள் இரண்டு பேரும் கோட்டைப் போட்டுக்கொண்டு தொட்டிக்குப் பக்கத்தில் நின்றோம். எனக்கு அப்போதுதான் ஒன்று தட்டியது.

"கிரில், பீட்டர்ஸ்பர்க்கில அந்த மனுசன் சுவரிலயிருந்தோ மின்சாரம் எடுத்தவர்?"

அவர் என்னைப் பார்த்தார். "இல்லை. கலங்கள். பற்றறி."

"ஓடிக்கொண்டிருக்கிற வானில பற்றறி ஓயாதெல்லோ?"

வான் வைத்திருக்கிற ஒரே ஓர் ஆளைத்தான் எனக்குத் தெரியும். கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். கூரை ஓரத்தில் கண்ணாடி ஈட்டிகள் தொங்கின. அழைப்பு போய்க்கொண்டேயிருந்தது. வைத்துவிடலாம் என்று நினைத்தபோது எடுத்தார்.

"என்ன?"

"அண்ணை, கரன்ற் நிண்டிட்டுது. வானையும் பற்றறி வயரையும் கொண்டு வருவியளோ? ஒரு வேலை கெடப்போகுது."

"உன்ர வேலையோ, அவன்ர வேலையோ?"

"எங்கட வேலை, அண்ணை" என்றேன்.

 தொலைபேசி துண்டிக்கப்பட்டது.

வாசலில் ஒரு வான்

அவர் வரமாட்டார் என்றுதான் கிரிலிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, அலமாரியிலிருந்து பழைய ஹெட்லைற் பல்புகளை எடுத்து வயரில் முறுக்கத் தொடங்கினார். வானின் மின்சாரம் தொட்டிக்கு அதிகம், அதை அடக்கி அனுப்ப இடையில் பல்புகள் வேண்டும் என்றார். வராத வானுக்காக ஒரு மனிதர் வயர் முறுக்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது கஷ்டமாக இருந்தது.

வான் வந்தது. பாலத்தில் ஊர்ந்து, விழுந்த கிளைகளைச் சுற்றி வந்து, வாசலில் சறுக்கி நின்றது. அண்ணை விமான நிலையச் சீருடையோடு இறங்கினார். கிரிலைப் பார்க்கவில்லை. "எங்க கொழுவுறது?" என்று மட்டும் கேட்டார்.

கதவிடுக்கு வழியாக வயர்களை உள்ளே இழுத்தோம். கிரில் கடைசி இணைப்பைத் தொட்டதும், இருண்ட பட்டறைக்குள் மூன்று பல்புகள் மஞ்சளாக எரிந்தன. தொட்டிக்குள் வெளிச்சம் இறங்கி நீலம் மறுபடி சுவரில் ஏறியது. அண்ணை குனிந்து உள்ளே பார்த்தார். நீருக்கு அடியில் அந்தச் சிறகு, ரோசா நிறத்தில், ஒவ்வொரு இறகாக.

"இது... வளருதோ?" என்றார் மெதுவாக.

"ஓம் அண்ணை. இப்ப வளருது."

வானை நிறுத்தக்கூடாது. பட்டறைக்குள் வெப்பமும் இல்லை. ஆகவே முறை வைத்துத் தொட்டியைப் பார்த்துக்கொண்டு, மற்ற நேரம் வானுக்குள்ளேயே இருந்தோம். முன் சீற்றில் அவர்கள் இருவரும். பின்னால் நான். கண்ணாடிகளில் மழை உறைந்து வெளியுலகம் மங்கிப்போயிருந்தது. அண்ணை, பயணிகளோடு கதைத்துப் பழகிய தன் பிரெஞ்சில் முதல் கேள்வியைக் கேட்டார்.

"குடிப்பியளோ?"

"பாஸ்காவுக்குக் கொஞ்சம். மற்றப்படி தேத்தண்ணி" என்றார் கிரில்.

நெடுநேரம் வைப்பர் சத்தம். பிறகு அண்ணை முன்னால் பார்த்தபடியே பேசினார்.

"இவளின்ர மனுசன் செத்தாப்பிறகு இவள் கதவைத் திறக்கேல்லை. ஒவ்வொரு கிழமையும் சாப்பாட்டைக் கொண்டுவந்து வாசல்ல வைச்சிட்டு, கதவு திறக்குமோ எண்டு நிண்டு பாத்திட்டுத்தான் போவன். அடுத்த முறை வரேக்கை வெறுஞ்சட்டி வெளியில இருக்கும். கழுவி இருக்கும். அதைப் பாத்துத்தான் இவள் உயிரோட இருக்கிறாள் எண்டு எனக்குத் தெரியும்."

நான் பின்னால் இருக்கிறேன் என்பது அவருக்கு மறந்துபோயிற்றா, அல்லது எனக்காகத்தான் சொன்னாரா என்று இன்றைக்கும் தெரியாது. அந்தக் கதவுக்கு வெளியே அவர் நின்றிருப்பார் என்று நான் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. வைத்துவிட்டுப் போய்விடுவார் என்றுதான் நினைத்திருந்தேன்.

"அந்தப் பயம் உங்களுக்கு இன்னும் போகேல்லை" என்றார் கிரில்.

"போகேல்லை" என்றார் அண்ணை.

"நான் இவவைவிட வயசு கூடினவன். முதல்ல போகமாட்டன் எண்டு சத்தியம் பண்ண ஏலாது. இருக்கிற வரைக்கும் கதவு திறந்திருக்கும். அதைச் சொல்லலாம்."

அண்ணை பின்னால் கையை நீட்டினார். அண்ணி கட்டிக் கொடுத்த புட்டுப் பொதியை எடுத்து, பாதியாகப் பிரித்து, ஒரு பாதியை அவரிடம் நீட்டினார்.

அன்று அவர் லொங்குய்க்குத் திரும்பவில்லை. ஒரு தரம் பெற்றோல் அடிக்கப் போனபோது, தன் வானின் இரண்டாவது பற்றறியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். மறுநாள் பகல், காற்றாடிகள் திடீரென்று சுழலத் தொடங்கின. நாங்கள் மூவரும் குழந்தைகள் மாதிரிக் கத்தினோம்.

பிறகும் சிறகு வளர்ந்து முடிய நாளெடுத்தது. அச்சை உரித்தெடுத்த அன்று அண்ணை வேலைக்கு நடுவில் வந்து நின்றார். கிரில் மரச்சுத்தியலால் சிறகின் ஓரத்தை மெல்லத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார்.

"சட்டியில தட்டின மாதிரிக் கேக்குது" என்றார் அண்ணை கவலையோடு. "அது நல்லதோ, கூடாதோ?"

"நல்லது" என்றார் கிரில். "ஒரே சட்டி. ரெண்டு இல்லை." மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்தது அண்ணைதான்.

உயிர்த்த ஞாயிறு

பொன் பூசி, பொருத்தி, இரண்டு தேவதூதர்களும் பழைய இடத்தில் ஏறிவிட்டார்கள். எது புதிய சிறகு என்று சுவாமியாரே கேட்டுத்தான் தெரிந்துகொண்டார். பாஸ்கா ஞாயிறு மத்தியானம், சாயம் போட்ட முட்டைகளையும் இனிப்பு ரொட்டிகளையும் மந்திரிக்கச் சனம் நிறைந்திருந்தது. மெழுகுதிரிப் புகையில் எல்லாம் மிதந்தது. நான் சேலை உடுத்து, அதற்கு மேல் குளிர்ச்சட்டை போட்டு, கிரிலின் பக்கத்தில் நின்றேன். சிலர் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு முதிய பெண் என் சேலைக் கரையைத் தடவிப் பார்த்துத் தலையாட்டினாள்.

அண்ணையை நான் அழைத்திருந்தேன். வருவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

பாட்டு நடந்துகொண்டிருந்தபோது கிரில் என் முழங்கையைத் தொட்டார். கதவுக்குப் பக்கத்தில் அண்ணையும் அண்ணியும் நின்றார்கள். கோயில் என்றால் கோயில்தான் என்று, சப்பாத்தை வெளியில் கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தார்கள். அத்தனை சனத்துக்குள்ளும் அவர்கள் இரண்டு பேர் மட்டும் காலுறையோடு, அந்தக் குளிர்ந்த கல் தரையில், கைகட்டி நின்றார்கள். அண்ணைக்கு அப்போதுதான் மற்றவர்களின் கால்கள் கண்ணில் பட்டன. முகம் சுருங்கியது. திரும்பப் போகிறாரோ என்று நினைத்தேன்.

கிரில் குனிந்தார். சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தார். இரண்டையும் கழற்றிச் சுவரோரம் வைத்துவிட்டு, ஒரு காலுறையில் பெருவிரல் தெரிய, சனத்துக்குள்ளால் நடந்து போய் அண்ணைக்குப் பக்கத்தில் நின்றார்.

அண்ணை குனிந்து அந்தக் கால்களைப் பார்த்தார். 

"மச்சான்," என்றார், "சப்பாத்தைப் போடும். கால் விறைக்கப்போகுது."

சுற்றிலும் எல்லாரும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து, கிறிஸ்து உயிர்த்தார் என்று சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. அண்ணை சொன்னதும் தமிழில் ஒரு பாஸ்கா வாழ்த்துத்தான் என்று கிரில் நினைத்துவிட்டார். இரண்டு கைகளையும் விரித்து, சத்தமாக, "மச்சான்!" என்று திருப்பிச் சொல்லி, அண்ணையின் கன்னங்களில் மாறி மாறி மூன்று முத்தம் கொடுத்தார்.

அதற்கு அதுதான் சரியான பதில் என்று அவருக்கு நான் வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னேன்.